நான்காண்டு தாமதமாக வரும் செய்தி: நாவல் நின்றுவிட்டது, உதவுங்கள்

வணக்கம். பினாங்கு, ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன். விண்வெளி அரச குடும்பங்களைப் பற்றிய என் அறிவியல் நாவல் ஐந்தாம் அத்தியாயத்தில் அப்படியே நிற்கிறது.

ஒன்பது குடும்பங்கள், ஆளுக்கொரு விண்மீன். நம் மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தங்களுக்குள் மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அதே முறைதான் அங்கும். சிக்கல் தூரம். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்கே ஒளி போய்ச் சேர சுமார் 4.2 ஆண்டு ஆகும். தூதர் மண்டபத்துக்குள் வந்து, அரக்கு முத்திரையை உடைத்து, புது மாமன்னரின் பெயரை வாசிக்கும்போது அவருடைய பதவிக்காலமே முடியப் போகிறது.

ஒளியை மிஞ்சும் கப்பல் கொடுத்துப் பார்த்தேன். தலைநகரின் படை நினைத்த இடத்தில் வந்து இறங்கிவிடுகிறது. குடும்பங்கள் வெறும் அதிகாரிகளாகச் சுருங்கிவிட்டன, சூழ்ச்சிக்கு இடமே இல்லை. பதவிக்காலத்தை 50 ஆண்டாக்கினேன். போட்டியின் சூடு போய்விட்டது. அப்புறம் சோழர் வழி. 1012இல் ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டி உடன் ஆளவைத்தார் அல்லவா, அதுபோல ஒவ்வொரு கோளிலும் மாமன்னரின் பிள்ளை ஒருவர். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் நான்காண்டு தொலைவில் இருக்கும் பிள்ளை அப்பாவுக்கு ஏன் அடங்க வேண்டும்? ஒரே கோளில் மட்டும் கிடைக்கும் அரிய பொருள் என்ற உத்தி வேண்டாம், ‘டியூன்’ நாவல் 1965லேயே அதைச் செய்துவிட்டது.

செய்தி போய்ச் சேரவே நான்காண்டு ஆகும் உலகில், ஒன்பது குடும்பங்களும் ஒரே அரியணைக்குக் கட்டுப்பட்டிருக்க எது காரணமாக இருக்க முடியும்?