மானாவாரிச் செம்மண் கொல்லைக்கு உயிர்க்கரி: மண்ணுக்கும் காற்றுக்கும் ஒருசேரப் பயன் தருமா?

கேள்வி – ஒடுகத்தூர்க் கொல்லைக்காரர்

வணக்கம். ஒடுகத்தூர் அருகே மலையடிவாரத்தில் எங்களுக்கு மானாவாரிச் செம்மண் கொல்லை இருக்கிறது. மணிலாவும் (நிலக்கடலை) ஊடுபயிராகத் துவரையும் வைக்கிறோம். மண்ணில் மணலும் சரளையும் மிகுதி என்பதால் மழை விட்ட சில நாள்களிலேயே செடி வாடத் தொடங்குகிறது. இட்ட உரமும் தங்குவதில்லை. அறுவடைக்குப் பின் துவரை மிளாரையும் வேலியோரம் வெட்டிய சீமைக்கருவேல முள்ளையும் குவித்துக் கொளுத்துவதே இங்கு வழக்கம். அதையே பயோசார் எனப்படும் உயிர்க்கரியாக்கி, அதாவது காற்று அதிகம் புகாமல் எரித்துக் கரியாக்கி, மண்ணில் இட்டால் ஈரமும் நிற்கும், காற்றிலுள்ள கரியமில வாயுவும் குறையும் என்கிறார்கள். இது உண்மையா? இயந்திரம் வாங்க வசதியில்லாதவர் எப்படித் தொடங்குவது? காற்றிலிருந்து குறைக்கும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுத் தரும் கார்பன் கிரெடிட் பணம் வரும் என்ற பேச்சை நம்பலாமா?

பதில் 1 – காட்பாடி மண் ஆய்வாளர்

ஐயா, உங்கள் மண்ணின் தன்மையே இதில் முதல் கேள்வி. உலகெங்கும் நடந்த வயல் சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெப்பமண்டல நாடுகளில் உயிர்க்கரியால் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியதாகவும், குளிர்நாடுகளில் கூடவில்லை என்றும் கண்டது. வெப்பமண்டல மண் பெரும்பாலும் அமிலத்தன்மையும் சத்துக் குறைவும் உடையது என்பதும், கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது என்பதுமே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, மண்ணின் கார அமில நிலையை (pH) முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது 8-ஐத் தாண்டியிருந்தால் கரியைத் தவிர்ப்பதே நல்லது; ஏற்கெனவே இரும்புச் சத்து கிடைக்காமல் மணிலா இலை வெளுக்கும் மண்ணில் இன்னும் காரம் சேர்ப்பதாகிவிடும். அமிலமாகவோ நடுநிலையாகவோ உள்ள மணற்பாங்கான செம்மண் என்றால் தாராளமாக முயலலாம். கரியின் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பயன், களிமண்ணைவிட இத்தகைய மண்ணில்தான் தெளிவாகத் தெரியும்.

கரி தயாரிக்க ஒரு குழியே போதும். வாய் ஐந்தடி அகலமும் மூன்றடி ஆழமும் கொண்டு, அடி குறுகி வருமாறு கூம்பாக வெட்டுங்கள். அடியில் தீ மூட்டி, விறகின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். மேலே எரியும் சுடர் உள்ளே வரும் பிராணவாயுவைத் தானே உண்டுவிடுவதால் கீழ் அடுக்கு சாம்பலாகாமல் கரியாகிறது. கீழிருந்து எழும் வாயுக்களும் அச்சுடரில் எரிந்துபோகின்றன. ஈர மிளாரைப் போட்டால் புகை கிளம்பும். அப்புகையில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இருப்பதால், வெயிலில் நன்றாகக் காய்ந்ததை மட்டுமே இட வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுமையாக அணைத்துவிடுங்கள்.

அந்தக் கரியை அப்படியே கொல்லையில் கொட்டக் கூடாது. வெறுங்கரி மண்ணிலுள்ள தழைச்சத்தைச் சில காலம் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். நொறுக்கி, சாணக் கரைசலிலும் கோமியத்திலும் ஊறவைத்து, மக்கிய எருவோடு சில வாரம் சேர்த்துவைத்த பின், ஆடிப் பட்டத்து விதைப்பின்போது சாலில் இடுங்கள். ஏக்கருக்கு டன் கணக்கில் சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கிடைக்கும் கரியை வேர் ஓடும் இடத்தில் ஆண்டுதோறும் சேர்த்துவரலாம்.

பதில் 2 – பாலாற்றங்கரைக் கழனிக்காரர், வாணியம்பாடி

மேலே ஐயா கூறியதை ஏற்கிறேன். எனினும் எதைக் கரியாக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மணிலாக் கொடி மாட்டுத் தீவனம். அதைக் குழியில் இடுவது வீண். மணிலாத் தொட்டியை (கடலைத் தோலை) எரிபொருளுக்காக விலைகொடுத்து வாங்குகிறார்கள். அதை நாம் கரியாக்கினால் அவர்கள் வேறு விறகைத் தேடுவார்கள். கரும்புச் சோகையை மூடாக்காகப் பரப்ப முடிகிற கழனியில் அப்படியே பரப்புவதே மேல். எப்படியும் கொளுத்தப்படப் போகும் மிளாரும் முள்ளும்தான் இதற்கு ஏற்றவை.

எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் உப்பேறிய நிலங்களுக்கும் சிலர் இதையே பரிந்துரைக்கிறார்கள். தோல் பதனிடுவதிலிருந்து வரும் குரோமியம் என்ற உலோகத்தைக் கரி பிடித்துவைக்கக்கூடும். ஆனால் அது நிலத்தை விட்டுப் போய்விடுவதில்லை. சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சமும் உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் தேவை. இவை இல்லாத இடத்தில் கரியைக் கொட்டி நம்பிக்கையூட்டுவது, ஏற்கெனவே நொந்துபோன உழவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மண் மாதிரி எடுத்துக் கொடுக்கிறேன். காற்றிலிருந்து குறையும் அளவையும், அதற்குக் கிடைக்கும் பணத்தையும் பற்றி யாராவது விளக்க இயலுமா?

பதில் 3 – குடியாத்தம், சுற்றுச்சூழல் பொறியாளர்

செடி காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு, அது மக்கும்போதோ எரியும்போதோ மீண்டும் காற்றுக்கே திரும்புகிறது. கரியாக மாற்றினால் அதில் ஒரு பகுதி மண்ணிலேயே தங்குகிறது. கணக்கை இப்படிப் போடலாம். ஒரு டன் உலர்ந்த மிளாரிலிருந்து 250 கிலோ கரி கிடைத்து, அதில் 70 விழுக்காடு கார்பன் இருப்பதாகக் கொண்டால், 175 கிலோ கார்பன் ஆகிறது. இது சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஐ.பி.சி.சி. எனும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழு 2019-இல் தந்த வழிமுறைப்படி, 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருவான கரியின் கார்பனில் ஏறத்தாழ 80 விழுக்காடு நூறாண்டுக்குப் பின்னும் நிற்கும். அதன்படி 500 கிலோவுக்குச் சற்று மேல் நிலைக்கும். குழியில் புகைந்து வெளியேறும் மீத்தேனை இதிலிருந்து கழிக்க வேண்டும். சரியாக எரிக்காத குழி இந்த ஆதாயத்தைப் பெருமளவு விழுங்கிவிடும்.

கிரெடிட் தருவோர் மூலப்பொருளின் எடை, ஈரப்பதம், கரியின் ஆய்வக அறிக்கை, கரி மண்ணில் இடப்பட்டதற்கான சான்று ஆகிய அனைத்தையும் கேட்பார்கள். தனி உழவர் ஒருவரின் ஓரிரு டன்னுக்கு இந்தச் செலவு கட்டுபடியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற ஓர் அமைப்பு பல ஊர்க் கரியை ஒன்றுசேர்த்துப் பதிவேடு வைத்தால்தான் பேச்சு தொடங்கும். யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கார்பன் கிரெடிட் உரிமையை எழுதி வாங்கும் ஒப்பந்தம் எதுவாயினும், எத்தனை ஆண்டுக்கு, எந்தச் சர்வே எண்ணுக்கு என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.