கஞ்சிக்கோட்டில் மச்சான் காரை ரெக்கவரி வண்டிக்காரர் பிடித்து வைத்திருக்கிறார் – என்ன செய்யலாம்?

உடுமலைக்காரன்:
வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் சுற்றி வளைக்கவில்லை. மச்சான், அக்கா, அத்தை, குழந்தைகள் எல்லாரும் குருவாயூர் போய்விட்டு இன்று பாலக்காடு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக்கோடு தாண்டி, வாளையாருக்கு முன்னால் வண்டி இழுப்பு விட்டு நின்றுவிட்டது. ஆட்டோமேட்டிக் கார். ஓரங்கட்டி, நான்கு பக்க லைட்டையும் போட்டுவிட்டு, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போடுவதற்குள் ஒரு ரெக்கவரி வண்டி (நின்றுபோன வண்டியை இழுத்துப் போகிற வண்டி) வந்து நின்றது. இவர்கள் யாரையும் கூப்பிடவில்லை.

"ஹைவேயில் இருந்துதான் அனுப்பினாங்க. இங்கே நிறுத்தினா போலீஸ் கேஸ் போடும், சீக்கிரம் சாவியைக் கொடுங்க" என்று தமிழிலேயே பேசியிருக்கிறார் டிரைவர். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம் சேட்டா." அத்தைக்குச் சர்க்கரை, உச்சி வெயில், குழந்தைகள் அழுகை. கோயம்புத்தூருக்குத்தான் போகிறது என்று நினைத்துப் பின்னாலேயே ஆட்டோவில் போனால், வண்டி நின்றது உள்ரோட்டில் ஒரு ஷெட்டில்.

இப்போது இழுத்த கூலி 9,500 கேட்கிறார்கள். 'யார்டு வாடகை' நாளுக்கு 1,000. அது போக பானட்டைத் திறந்து பார்த்தார்களாம், ஃபியூயல் பம்ப் போய்விட்டதாம், 22,000 ஆகும், வேலையைத் தொடங்கட்டுமா என்று கேட்கிறார்கள். எல்லாம் ரொக்கம், பில் கிடையாது. பணம் வராமல் வண்டி வெளியே போகாது என்கிறார். நான் உடுமலையில் உட்கார்ந்து போனிலேயே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பிடித்து வைக்க முடியுமா? யாரைக் கூப்பிடுவது?

வேலந்தாவளம்:
முதல் வேலை, "தொடங்கட்டுமா" என்பதற்கு மச்சானை 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, அந்த ஷெட்டுக்காரர் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பட்டும்: 'என் வண்டியில் எந்த வேலையும் செய்ய வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம்.' எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், வெற்றுத்தாள் என்றால் தொடவே வேண்டாம். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, ஓடோமீட்டர், ஷெட் போர்டு, ரெக்கவரி வண்டியின் நம்பர் பிளேட், எல்லாம் போனில் ஏறட்டும். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

மஞ்சப்பை:
கேரளாக்காரன்கிட்ட மாட்டினா அப்படித்தான். சோறு தண்ணி இல்லாம அலைய விடுவான்.

வேலந்தாவளம்:
தம்பி, நான் கேரளாக்காரன்தான், வீட்டில் பேசுவது தமிழ். வாளையாருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கே.ஜி.சாவடி வரைக்கும், கே.எல். (கேரளா) நம்பர் வண்டி நின்றாலும் இதே கூத்துதான். அங்கே உங்கள் ஆள், இங்கே எங்கள் ஆள், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் விலை ஏறுகிறது. உதவி கேட்டு வந்தவரிடம் இதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உடுமலைக்காரன்:
வாட்ஸ்அப் அனுப்பியாச்சு, இரண்டு நீலக் குறியும் வந்துவிட்டது. வீடியோ எடுக்கும்போது ஒரு பையன் கையை வைத்து மறைத்தானாம், அதுவும் பதிவாகியிருக்கிறது. இன்னொரு சந்தேகம். கார் கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வழியில் வண்டி நின்றால் வந்து உதவுகிற திட்டம்) இருக்கிறது என்று மச்சானுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. நெட்டில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பருக்குப் பேசினேன். உடனே எடுத்தார்கள், ரொம்ப மரியாதை. பதிவு செய்ய 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள், லிங்க் அனுப்புகிறோம், கூடவே ஒரு ஆப் இறக்கிக்கொள்ளுங்கள், வண்டி எங்கே வருகிறது என்று அதில் தெரியும் என்கிறார்கள். கட்டலாமா?

ரெக்கவரி அண்ணன்:
வேண்டாம்! போனை வையுங்கள். அந்த ஆப்பை இறக்கினால் உங்கள் திரை முழுவதும் அவனுக்குத் தெரியும். 10 ரூபாய்க்கு நீங்கள் பின் நம்பர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே கணக்கைத் துடைத்துவிடுவான். ரெக்கவரிக்கு அலைகிறவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள் என்று தெரிந்தே போடுகிற தூண்டில் இது. தேடலில் முதலில் வருகிற நம்பர் கம்பெனி நம்பர் என்று எந்த விதியும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம்.

சரியான நம்பர் காரிலேயே இருக்கும். பாலிசித் தாள், கார் கையேடு, சில கார்களில் முன் கண்ணாடியில் ஸ்டிக்கர், கம்பெனியின் சொந்த ஆப். அதில் இருந்து மட்டும் எடுங்கள். ஏற்கெனவே லிங்க்கைத் தொட்டிருந்தால் பேங்கில் கணக்கை முடக்கச் சொல்லிவிட்டு, உடனே 1930க்குச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் அதுதான்.

உடுமலைக்காரன்:
தொடவில்லை அண்ணா, நல்லவேளை. திரும்பத் திரும்ப அந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறான். பிளாக் செய்துவிட்டேன். பாலிசித் தாளில் வேறு நம்பர்தான் இருக்கிறது.

ரெக்கவரி அண்ணன்:
நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன், கோவை பைபாஸில் சொந்த வண்டி ஓடுகிறது. அதனால் உள்ளே இருக்கிற கதையைச் சொல்கிறேன்.

கூப்பிடாமல் ஒரு வண்டி வருகிறது என்றால் சும்மா வராது. ரோட்டோர டீக்கடை, பஞ்சர் கடை, சில சமயம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் போன் போடுவார், அவருக்கு ஒரு கமிஷன். டிரைவருக்கோ இழுவைக் கூலியில் பெரிய வரும்படி இல்லை. ஷெட்டுக்கு ஒரு கார் கொண்டுபோய்ச் சேர்த்தால் வருகிற கமிஷனில்தான் வரும்படி. எவ்வளவு என்று கேட்டால் 'பார்த்துக்கலாம்' என்று அவர் மழுப்புவது அதனால்தான். எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டால் அவருக்குப் பாதி ஆட்டம் முடிந்தது. கொக்கி மாட்டுவதற்கு முன்னால் இடம், மொத்தத் தொகை, பில் உண்டா, இந்த மூன்றும் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். வராவிட்டால் சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கூலி எப்படிப் போடுவோம் என்றால், குறைந்தபட்சம் என்று ஒரு தொகை, அதற்கு மேல் கிலோமீட்டர் கணக்கு, திரும்பி வருகிற தூரமும் சேரும். பள்ளத்தில் இருந்து வின்ச் (வடம் சுற்றி இழுக்கிற கருவி) போட்டு எடுத்தால் தனி, ராத்திரி என்றால் கொஞ்சம் கூட. உங்கள் மச்சான் கார் சமதளத்தில், பகலில், ஆறேழு கிலோமீட்டர் போயிருக்கிறது. அதற்கு 9,500 என்பது வாயில் வந்த தொகை. நான் அனுப்பியிருந்தால் அதில் பாதிகூட வராது.

ஒன்று கேட்கணும்: எப்படி இழுத்தார்கள்? எந்தச் சக்கரத்தைத் தூக்கினார்கள்?

உடுமலைக்காரன்:
முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோனார்களாம். பின்சக்கரம் உருண்டது.

ரெக்கவரி அண்ணன்:
அப்பாடா. எஞ்சின் முன்சக்கரத்தை ஓட்டுகிற ஆட்டோமேட்டிக் காரை முன்சக்கரம் ரோட்டில் உருள விட்டு இழுத்திருந்தால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சரியாகச் சுற்றாமல் உள்ளே தேய்ந்து போயிருக்கும். பம்ப் 22,000 என்பது அதற்கு முன்னால் சில்லறை. எஞ்சின் நாலு சக்கரத்தையும் ஓட்டுகிற கார், மின்சாரக் கார் என்றால் பிளாட்பெட் (காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி) தவிர எதற்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஷெட்டில் இருந்து எடுக்கும்போதும் பிளாட்பெட்டே கேளுங்கள்.

பாலிசிப் பார்வை:
இன்சூரன்ஸ் கிளெய்ம் பக்கம் வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்குப் பதில்.

மூன்று தொகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் சம்மதத்தோடு ஒருவர் வண்டியில் உழைப்பும் திறமையும் போட்டிருந்தால், கூலி கிடைக்கும்வரை அந்த வண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. "வேலையைத் தொடங்கட்டுமா" என்று அவசரப்படுத்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா? சரி என்று சொல்லியிருந்தால் அவர் கை ஓங்கியிருக்கும். வேலந்தாவளம் சொன்ன அந்த ஒரு வரி வாட்ஸ்அப்தான் பம்ப் கதையை அடைத்தது. யார்டு வாடகை பற்றி யாரும் முன்கூட்டிப் பேசவே இல்லை, அதனால் அதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மிச்சம் இழுத்த கூலி. இழுத்தது உண்மை, அதற்கு நியாயமான ஒரு தொகை கொடுத்துவிட்டு வண்டியை எடுப்பதுதான் புத்தி. யூ.பி.ஐ.யில் கொடுங்கள், குறிப்பில் 'இழுவைக் கூலி மட்டும், ஆட்சேபத்துடன்' என்று போடுங்கள். ரொக்கமாகப் போனால் நாளைக்குக் கேட்க ஆதாரம் இருக்காது.

மோட்டார் பாலிசியை நம்பி இருக்க வேண்டாம். தனியார் காரின் வழக்கமான பாலிசியில் விபத்துக்குப் பின் வண்டியை அருகில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக அதிகபட்சம் 1,500 ரூபாய்தான், அதுவும் விபத்துக்கு. தானாக நின்று போன வண்டிக்கு அது கிடையாது. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் தனியாக எடுத்திருந்தால் மட்டும் வழி உண்டு.

வேலந்தாவளம்:
'ஹைவே அனுப்பியது' என்றாரே, அது உண்மையா என்று பார்க்க ஒரே போன் போதும். 1033, தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. இது 544ஆம் எண் நெடுஞ்சாலை, பாம்பாம்பள்ளத்தில் டோல் வாங்குகிற பகுதி. டோல் வாங்குகிறவர்களுக்கு ரோந்து வண்டியும் கிரேனும் வைத்திருக்கும் பொறுப்பு உண்டு. அந்தக் கிரேன் வந்தால் காசு கேட்காது, ஆனால் ரோட்டை விட்டு அப்புறப்படுத்திப் பத்திரமான இடத்தில் விடுவதோடு சரி, ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடாது. பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்து எண்ணைச் சொன்னால் சீக்கிரம் வருவார்கள்.

இப்போது 112க்கு (போலீஸ் அவசர எண்) பேசச் சொல்லுங்கள். எல்லைப் பக்கம் என்பதால் டவர் மாறி தமிழ்நாட்டுக்கும் போகலாம், எடுத்ததும் 'பாலக்காடு மாவட்டம், கஞ்சிக்கோடு' என்று சொல்லிவிட வேண்டும். கத்த வேண்டாம். வண்டியைத் தர மறுக்கிறார்கள், குடும்பத்தோடு நிற்கிறோம், வீடியோ இருக்கிறது, அவ்வளவு போதும்.

கம்பம் பள்ளத்தாக்கு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். இதைப் படிக்கிற, சபரிமலை போகிற சாமிமார்களுக்கு ஒன்று. மண்டல, மகரவிளக்கு சீசனில் கேரள மோட்டார் வாகனத் துறை 'சேஃப் சோன்' என்ற சாலைப் பாதுகாப்புத் திட்டம் நடத்துகிறது. இலவுங்கல், எருமேலி, குட்டிக்கானம் ஆகிய இடங்களில் கட்டுப்பாட்டு அறை. குமுளி வழியாகப் போகிறவர்கள் வண்டி நின்றால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். அந்த வருடத்து நம்பரைப் புறப்படும் முன்பே குறித்துக்கொண்டு போங்கள், மலைமேல் சிக்னல் பல இடங்களில் இருக்காது.

உடுமலைக்காரன்:
முடிந்தது. 1033இல் கேட்டதற்கு அந்த இடத்துக்கு வண்டி எதையும் அனுப்பவில்லை என்றார்கள். அதை மச்சான் ஸ்பீக்கரில் போட்டு ஷெட்டுக்காரர் முன்னால் கேட்க வைத்திருக்கிறார். 112க்கும் பேசினார், போலீஸ் வந்தார்கள். அவர்கள் வந்து இறங்கும்போதே யார்டு வாடகை காணாமல் போயிற்று, பம்ப் பேச்சும் இல்லை. இழுவைக் கூலி 4,000 என்று வந்து நின்றது, யூ.பி.ஐ.யில் கொடுத்து, தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். ஜி.எஸ்.டி. பில் இல்லை, கையால் எழுதின ரசீதுதான். இன்னும் அதிகம்தான் என்று எனக்கும் தெரியும், ஆனால் அத்தையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பேச மச்சானுக்கு மனசு இல்லை.

பாலிசித் தாளில் உள்ள நம்பரில் பேசி பிளாட்பெட் வந்தாயிற்று, கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. அந்த 4,000ஐ ரோட்சைடு அசிஸ்டன்ஸில் திரும்பக் கேட்க முடியுமா?

பாலிசிப் பார்வை:
பெரும்பாலும் அவர்கள் அனுப்பிய வண்டிக்குத்தான் கொடுப்பார்கள், நீங்களே வைத்த வண்டிக்குக் கொடுக்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், ரசீதும் யூ.பி.ஐ. விவரமும் சேர்த்து அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் ஷெட் மீது புகார் பதியலாம். நேரம் எடுக்கும், ஆனால் புகார் எண் கையில் இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி:
ஆந்திரா பக்கமும் 1033 எடுக்குமா? அடுத்த வாரம் நெல்லூர் போகிறோம், தடா தாண்டினால் எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூட வராது.

வேலந்தாவளம்:
நாடு முழுக்க ஒரே எண்தான் நண்பா. நீங்கள் போவது 16ஆம் எண் நெடுஞ்சாலை, அதற்கும் அதே 1033.