நிழல் பாதை, நடுவில் ஒரு மடு: உங்களுக்கு என்ன நடந்தது?

மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும் வட்டப் பாதை. வெயில் தரையைத் தொடாத அளவுக்கு மரங்கள். பாதி தூரத்தில், ஓடை ஒரு பாறையிலிருந்து விழுகிற இடத்தில் மடு. ‘கசம்’ என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும், அதேதான். பலமுறை போன பாதை என்பதால், ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு நானும் நாத்தனாரும் கிளம்பிவிட்டோம்.

முந்தைய தடவைகளில் எல்லாம் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்கு ஏற்றத்தில் சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்த்திருந்தது. மடுவைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. செருப்பை உதறிவிட்டுப் பாறை விளிம்பிலிருந்து தொப்பென்று குதித்துவிட்டேன்.

‘ஐயோ, குளிருதே’ என்றுகூடத் தோன்றவில்லை. நெஞ்சில் யாரோ இரண்டு கையையும் வைத்து அழுத்தியது போல இருந்தது. வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. நல்லவேளை, அதற்குள் தலை மேலே வந்திருந்தது. ஒரு விநாடி முந்தியிருந்தால் உள்ளே போயிருப்பது தண்ணீர். அப்புறம் மூச்சு அடுக்கடுக்காக வாங்குகிறது, என் கட்டுப்பாட்டில் இல்லை. சின்ன வயதிலிருந்தே நீந்துகிறவள் நான். கை அடிக்கிறது, கால் உதைக்கிறது, ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நாத்தனார் பாறையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. கூப்பிடவும் மூச்சு வேண்டுமே.

வேறு வழி தெரியாமல் மல்லாந்துவிட்டேன். காது தண்ணீருக்குள் போனதும் அருவிச் சத்தம் ஒரு ரீங்காரம் மாதிரி ஆகிவிட்டது. மேலே முழுக்க இலை, நடுவில் தட்டு அகலத்துக்கு வானம். அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றிரண்டு நிமிடம் இருக்கலாம். மூச்சு மெல்ல என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, நம்ப மாட்டீர்கள், கால் மணி நேரம் சுகமாக நீந்தினேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் உடம்பு இப்படித்தான் அதிருமாம். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை நீந்தப் போராடாமல் மிதந்து கிட என்பதுதான் 1824-இல் தொடங்கி இன்றுவரை கடலில் உயிர்காக்கும் பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பும் சொல்லும் யோசனை. நான் அறியாமல் செய்தது அதைத்தான். சரி, வெயில் கொளுத்துகிற நாளில் தண்ணீர் ஏன் அப்படி இருந்தது? எந்த நிழலுக்காக அந்தப் பாதைக்குப் போகிறோமோ, அதே நிழல்தான் ஓடையையும் வெயில் படாமல் பொத்தி வைத்திருக்கிறது. இத்தனை தடவை போயும் எனக்கு இது உறைக்கவில்லை.

பெரிய மலையேற்றக் கதைகள் வேண்டாம். இந்த மாதிரி ‘சும்மா ஒரு நடை’ பாதையில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

* * *

அக்கா, உங்களுக்குக் குளிர் என்றால் எங்களுக்கு ஆழம்.

நாங்கள் நாலு பேர். ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. மடு கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். ‘மார்பளவுதான்டா, இறங்கு’ என்று சொன்னவன் நான்தான். அவன் நாலு அடி எடுத்து வைத்தான், வயிறு வரை வந்தது. ஐந்தாவது அடியில் காலுக்குக் கீழே சரளை சரிந்தது. மூக்கு வரை தண்ணீர். அவன் முகத்தில் இருந்த அந்தப் பார்வை இன்னும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. அவனைக் காப்பாற்ற உள்ளே பாயப் போன என்னை இன்னொருவன் பிடித்து நிறுத்தி, துண்டைச் சுருட்டி வீசினான். முனையைப் பிடித்துக்கொண்டான், இழுத்துப் போட்டோம். நான் பாய்ந்திருந்தால் பயத்தில் அவன் என்னைப் பிடித்து அமுக்கியிருப்பான்.

தண்ணீருக்குள் கிடக்கும் பொருளின் ஒளி வெளியே வரும்போது வளைகிறது என்று பத்தாம் வகுப்பில் படித்து மார்க் வாங்கியவன்தான் நான். நேர் மேலிருந்து பார்த்தால்கூட ஆழம் முக்கால்வாசியாகத்தான் தெரியும். ஐந்தரை அடி மடு நாலடி மாதிரி காட்டும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. அது தவிர, விழுகிற தண்ணீர் பாறையடியில் கல்லைச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்துகொண்டே இருப்பதால் தரை சீராகச் சரியாது, திடீரென்று இறங்கும். இப்போதெல்லாம் கீழே விழுந்து கிடக்கிற கொம்பு ஒன்றை எடுத்துக் குத்திப் பார்க்காமல் யாரையும் இறங்க விடுவதில்லை. ‘பெரிய இன்ஜினீயர்’ என்று கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

* * *

நான் எழுபதைத் தாண்டியவன். மடுவில் இறங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, ஆனால் நடையை விடவில்லை.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி, 500 அடி ஏற்றம் உள்ள மூன்று கிலோமீட்டர் வட்டத்தை ஐம்பது சொச்ச நிமிடத்தில் முடிக்க வேண்டும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. நெய்ஸ்மித் மடுவோரம் உட்காரவில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் காலை, ஆள் அரவம் இல்லை. வேர் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீரின் மேல் கால் பரப்பி நிற்குமே பூச்சி, அது நிற்கும் இடத்தில் தண்ணீர்த் தோல் லேசாகக் குழிந்திருக்கும்; அடியில் மணல் மேல் அதன் நிழல் ஆறு வட்டப் பொட்டாக விழும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாப் பூச்சியும் ஒரே நேரத்தில் சிதறின. ஒரு வரிசையாகக் குமிழிகள் வந்தன. நீர்நாய். வாயில் மீனோடு எதிர்ப் பாறையில் ஏறி, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பாதி தின்ற பிறகுதான் என்னைக் கவனித்தது. ஒரு முறை முறைத்தது பாருங்கள், ‘உனக்கு இங்கே என்ன வேலை’ என்பது போல. பிறகு மிச்சத்தையும் தின்றுவிட்டுத்தான் போனது.

மகளே, ஒரு யோசனை. வட்டப் பாதையைச் செங்குத்தான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இறக்கத்தில் முழங்கால் படும் பாட்டை விட ஏற்றத்தில் மூச்சு படும் பாடு மேல்.

* * *

ஐயா சொன்னதற்கு நேர் எதிர்க் கட்சி நான். கஷ்டத்தைக் கடைசியில் வைத்தால்தான் குழந்தைகள் நடையையே ஆரம்பிப்பார்கள்!

எங்கள் அனுபவம் தண்ணீர் ஏறியது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஓடையைக் கணுக்கால் தண்ணீரில் கடந்து எதிர்க்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தோம், பை இந்தக் கரையில். என் மகள் தன் செருப்பை ஒரு கல் மேல் வைத்திருந்தாள். ‘அம்மா, செருப்பு போகுது’ என்றாள். திரும்பிப் பார்த்தால் கல்லையே காணோம். அப்போதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருகின்றன. அருவிச் சத்தம் கனத்திருக்கிறது. தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி கலங்கியிருக்கிறது. மேலே எங்கோ மழை.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். கணவர் பையை எடுத்துவர ஓடையில் கால் வைக்கப் போனார். முழங்கால்தானே என்கிறார். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும். சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன், கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. பத்து நிமிடத்தில் பையும் போயிற்று, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையும் மறைந்தது. பைக்குள் கார்ச் சாவி. இருட்டுகிற நேரத்துக்குத் தண்ணீர் வடிந்து, கடந்து, நடந்து, மாற்றுச் சாவி வரும்வரை காரில் சாய்ந்துகொண்டு நின்றோம். அதுவரை அவர் என்னிடம் பேசவில்லை. சாவி வந்ததும், ‘அந்தக் காலர் பட்டன் பிய்ந்துவிட்டது’ என்றார். எங்கள் வீட்டில் நன்றி சொல்லும் முறை அதுதான்.

* * *

வட்டப் பாதைதானே, தொலையவா போகிறோம்? நான் தொலைந்தேன்.

பாதையை மறித்து ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் பாதை இல்லை. கொஞ்சம் முன்னால் போனால் சேர்ந்துவிடும் என்று நேராக நடந்தேன். நேராகத்தான் நடந்தேன், சத்தியமாக. இருபது நிமிடம் கழித்து எதிரே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அட, இங்கேயும் ஒன்றா என்று நினைத்து அதையும் சுற்றினேன். மூன்றாவது தடவை அதன் வேரில் என் காலணித் தடத்தைப் பார்த்தபோதுதான் முதுகு சில்லிட்டது.

யான் சௌமன் என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறது. ஜெர்மனியில் ஒரு காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே தெரியாமல் கடந்திருக்கிறார்கள். அடர்ந்த நிழலிலும் சூரியன் எங்கே தெரிகிறது? கடைசியில் என்னை மீட்டது காதுதான். நின்றேன், மூச்சை அடக்கினேன், மெலிதாக அருவிச் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போய் மடுவில் விழுந்து, சாரி, மடுவில் சேர்ந்து, அங்கிருந்து பாதையைப் பிடித்தேன்.

* * *

எல்லோரும் உயிர் போகிற கதை சொல்கிறீர்கள். எனக்கு அட்டை. மழை நின்ற மறுநாள் போனேன். மடுவில் குளித்து ஏறி, துண்டால் துடைத்தால் துண்டு சிவப்பு. எங்கே காயம் என்று தேடுகிறேன், வலியே இல்லை. விரலிடுக்கில் ஒன்று குண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் ‘உப்பு இருக்கா, தீப்பெட்டி இருக்கா’ என்று குதிக்கிறார். இரண்டும் வேண்டாம், எரிச்சலில் அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் மட்டும் சீக்கிரம் நிற்காது. உறையவிடாத பொருளை அது ஊற்றிவிட்டுப் போகிறது. 1884-இல் ஹேகிராஃப்ட் என்பவர் கண்டுபிடித்தார். ஹிருடின் என்று பின்னால் பெயர் வைத்து மருந்துக்கும் பயன்படுத்தினார்கள். என்னிடம் எடுத்த ரத்தத்துக்கு ஏதோ பதில் மரியாதை செய்தது என்று வைத்துக்கொண்டேன்.

* * *

ஒரு வரி மட்டும்: அருவி ஓரத்துப் பாறையில் பச்சையாகத் தெரிகிற பாசியைப் பார்த்துப் பயப்படுகிறோம். என்னை வழுக்கிவிட்டது வெறும் ஈரம் என்று நினைத்த கறுப்பு மினுமினுப்பு. உட்கார்ந்தபடி நகருங்கள், மானம் போனாலும் மணிக்கட்டு மிஞ்சும்.

* * *

மறுபடியும் நான்தான், தொடங்கியவள். போன வாரம் திரும்பவும் போனோம். ஐயா சொன்னபடி செங்குத்துப் பக்கம் முதலில். (பிள்ளைகளோடு போகிற தோழி மன்னிக்கவும், முழங்காலுக்கு அதுதான் நன்றாக இருந்தது.) தம்பி சொன்ன கொம்பும் கையில்.

குதிக்கவில்லை. முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், கையால் அள்ளி முகத்தில், பிடரியில். இடுப்பு வரை வந்ததும் நின்றேன். ஒரு சின்னத் திணறல், இருபது எண்ணுவதற்குள் அடங்கியது. நாத்தனார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. துண்டைக் கயிறு மாதிரி முறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாட்ச்மேன் மாதிரி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

மல்லாந்து படுத்தேன். இலைகளுக்கு நடுவே அந்தத் தட்டு வானம் அதே இடத்தில் இருந்தது. அதன் குறுக்கே நீலமாக ஏதோ கீறிக்கொண்டு போனது. மீன்கொத்தி என்று நினைக்கிறேன். எழுந்து கேட்டால் நாத்தனார் பார்க்கவில்லையாம். ‘நான் உன்னையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றார்.