விசேட தேவையுடையோருக்கு வேலை கொடுத்த சிறு கடைகள்: திருகோணமலையில் நாம் கண்டவை

உவர்மலைவாசி:

முறுக்கும் மிக்சரும் செய்து கடைகளுக்குப் போடும் சிறு நிலையம் ஒன்று நகரில் இருக்கிறது. வீட்டு விசேடத்துக்கு ஓடர் கொடுக்கப் போயிருந்தபோது, பொதியிடும் மேசையில் டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் முன்னால் பழைய தட்டுத் தராசு ஒன்று இருந்தது. சிவப்பு வர்ணம் பூசிய படிக்கல்லை ஒரு தட்டில் வைத்து, சிவப்பு மூடி வாளியிலிருந்து மிக்சரை அள்ளி மற்றத் தட்டில் போட்டு, இரண்டும் சமமானதும் பையில் கொட்டினார். நீல மூடி வாளிக்கு நீலப் படிக்கல். கிராம் கணக்கை வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. தட்டு சற்றுத் தாழ்ந்தால் கூடுதலாக விழுந்த கடலைகளை எடுத்து வாளியிலேயே திரும்பப் போட்டார். நானாக இருந்தால் வாயில் போட்டிருப்பேன்.

இந்த யோசனை ஜப்பானிலிருந்து வந்ததாக நிலையத்தை நடத்தும் அக்கா சொன்னார். கவசாகி நகரிலுள்ள நிஹோன் ரிகாகாகு என்ற சோக்குத் தொழிற்சாலை, ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் 1960 இல் அறிவுசார் குறைபாடுடைய இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தது. இன்று அங்குள்ள ஊழியர்களில் எழுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் அத்தகையவர்களே. அங்கும் நிறைக்கு வர்ணப் படிக்கற்கள், நேரத்துக்கு மணற்கடிகாரம். ஆளைத் திருத்துவதை விட்டுவிட்டு வேலையை ஆளுக்கேற்ப அமைத்தார்கள் என்பதே என் கணிப்பு.

நிலாவெளிக் கடலோரம்:

எங்கள் பக்கத்து விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்பு மடிப்பவர் ஓட்டிசம் உள்ள ஒரு பெண். மேசையில் ஒட்டியிருக்கும் நாடாக் கோடுகளுக்கு விளிம்பைச் சரியாகப் பொருத்தி அவர் மடிக்கும் விரிப்புகள் அலுமாரியில் ஒரே அளவாக நிற்கும். சலவை இயந்திரத்தின் இரைச்சல் அவருக்கு ஒத்துவராது என்பதால், அவர் வேலை முடித்துப் போன பிறகே முதலாளி அதை ஓடவிடுகிறார். ஒருமுறை விருந்தினர் ஒருவர் அந்தப் பெண் நிற்கும்போதே, "இவவுக்குச் சம்பளம் குடுக்கிறீங்களோ?" என்று முதலாளியிடம் விசாரித்தார். "அவவிட்டயே கேளுங்கோ" என்றார் முதலாளி. பெண் தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

இங்கே சிக்கல் பருவகாலம்தான். மே முதல் செப்டம்பர் வரை அறைகள் நிறைந்திருக்கும். ஐப்பசி மழையோடு வேலை வற்றிவிடும். மற்றவர்களுக்கு அது ஓய்வு; நாளாந்த ஒழுங்கை நம்பி வாழ்பவருக்கு அது பெருங்குழப்பம். மாரிக்காலத்தில் நகரிலிருந்து துணி எடுத்து இஸ்திரி போடலாமா என்று முதலாளி பார்க்கிறார், இன்னும் சரிவரவில்லை.

கிண்ணியாச் சகோதரி:

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். என் தம்பிக்கு அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உண்டு. அவனை முதலில் சேர்த்த கடை வாசலில் நிறுத்தி வணக்கம் சொல்ல வைத்தது, படம் எடுத்துப் போட்டது, பஸ் காசும் பகல் சாப்பாடும் மட்டும் கொடுத்தது. கேட்டதற்கு, "அவனுக்குக் காசின் அருமை தெரியாதுதானே" என்று உம்மாவிடம் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு கூடாது என்று விசேட தேவையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அரசின் 1988 சுற்றறிக்கை இவர்களுக்கென்று சொன்ன மூன்று வீத ஒதுக்கீடோ அரச வேலைகளைப் பற்றியது. சிறு கடையை அது தொடாது. ஆகவே வேலையின் தரத்தை நாமேதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நான் இப்போது முதலில் கேட்பது ஓய்வுகாலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதியை: சம்பளத்தில் தொழிலாளியின் எட்டு வீதமும் முதலாளியின் பன்னிரண்டு வீதமும் அவன் பெயரில் போகிறதா?

இப்போது அவன் வேலை செய்யும் பேக்கரியில் அது போகிறது. பாண் அச்சுகளுக்கு எண்ணெய் தடவுவது அவன் பொறுப்பு. மூலை ஒன்று தவறினாலும் பாண் ஒட்டிக்கொள்ளும் என்பதால் விரலை நான்கு மூலைக்கும் ஓட்டிப் பார்த்துத்தான் அடுக்குவான். போறணைப் பக்கம் போகக்கூடாது என்பது தொடக்கத்தில் நாங்கள் முதலாளியோடு பேசி எழுதிக்கொண்ட ஒழுங்கு. அதை மாற்றச் சொல்லி அவனே கேட்டிருக்கிறான். பெருநாள் வேலை நெருக்கடி முடிந்ததும் தட்டு இறக்கப் பழக்குவதாக முதலாளி ஒப்புக்கொண்டுள்ளார்.