பிரான் வேறு, ஷ்ரிம்ப் வேறா? ஒரு மெனு கார்டு வழக்கு

பாளைக்காரன்:
நேற்று பாளையங்கோட்டையில் ஒரு ஹோட்டல். மெனுவில் இறாலுக்கே இரண்டு பெயர்: 'பிரான் மசாலா' ஒரு விலை, 'ஷ்ரிம்ப் மசாலா' அதைவிட 60 ரூபாய் குறைவு. கேட்டால், "பெருசு பிரான், பொடிசு ஷ்ரிம்ப்" என்கிறார் சர்வர். சரியாகத்தானே சொல்கிறார்?

உவரிக்காரன்:
இல்லை அண்ணாச்சி. அளவை வைத்துப் பிரிப்பது கடைக்காரன் கணக்கு. வால் பக்கத்து ஓட்டைப் பாருங்கள், வளையம் வளையமாக இருக்கும். பிரானில் முன் வளையம் பின் வளையத்தின் மேல் ஏறி, ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கிக்கொண்டே போகும். ஷ்ரிம்பில் இரண்டாவது வளையம் அகன்று, முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்றையும் சேர்த்து மூடும். பிரானுக்கு முதல் மூன்று ஜோடிக் காலில் கொடுக்கு, ஷ்ரிம்புக்கு இரண்டில்தான். பிரான் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். ஷ்ரிம்ப் வயிற்றடியில் சுமந்துகொண்டு திரியும்.

பாளைக்காரன்:
அப்போ நம்ம ஆற்று இறால்? கை நீளத்துக்குக் கொடுக்கு. ஊரே அதைப் பிரான் என்கிறது. ஒருதரம் வாங்கி வந்ததில் ஒன்றுக்கு வயிறு பூரா ஆரஞ்சு முட்டை, கடுகு அப்பினமாதிரி. அம்மா அதைத் தனியே வழித்து வதக்கித் தந்தாள்.

உவரிக்காரன்:
மாட்டிக்கொண்டீர்கள்! முட்டையைச் சுமந்தால் அது ஷ்ரிம்ப் கூட்டம். பெயர்தான் பிரான். பண்ணையில் வளர்க்கிற வன்னாமை இறால் இதற்கு நேர் எதிர். பசிபிக் கரைச் சரக்கு, 2009இல் இங்கே வளர்க்க அனுமதித்தார்கள். ஏற்றுமதிப் பெட்டியில் 'ஷ்ரிம்ப்', உடம்பு பிரான். நகக்கண் அளவு கூனி இறால் இருக்கிறதே, அதுவும் பிரான் பக்கம்தான். உங்க பொடிசுக் கணக்கு என்னாச்சு?

மேலப்பாளையம் மருமகள்:
ஹோட்டலில் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்துத்தான் சட்டியில் போடுகிறான். வளையமும் இல்லை, கொடுக்கும் இல்லை. அப்புறம் எதை வைத்துப் பிரித்தானாம்? இங்கிலாந்துக்காரன் பிரான் என்பதைத்தான் அமெரிக்காக்காரன் பெரும்பாலும் ஷ்ரிம்ப் என்கிறான். நமக்குச் சங்கப் பாட்டிலேயே இறாலுக்கு 'இறவு' என்ற பெயர் இருக்கிறது. முதுகுக் குடலை எடுத்தானா என்று கேட்டீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

பாளைக்காரன்:
கேட்கவில்லை. ஆனாலும் கரண்டியால் அள்ளுவதையும் விரல்விட்டு எண்ணுவதையும் ஒரே பெயரில் கூப்பிட மனசு வரவில்லை, மதினி.

உவரிக்காரன்:
அதற்குத்தானே 'கவுண்ட்' இருக்கிறது? கிலோவுக்கு 30 இறாலா, 60ஆ என்று கேளுங்கள். அந்த சர்வர் முகம் எப்படிப் போகிறது என்று இங்கே வந்து எழுதுங்கள்.