ரிப்போர்ட்டில் குறைந்தது, தராசில் குறையவில்லை

பாளைக்காரி:
என் பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறு) கதை உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். மூன்று மாசமாக வ.உ.சி. மைதானத்தில் விடிகாலை வேக நடை. எடை 1 கிலோதான் குறைந்தது. நிறுத்திவிடலாம் என்றிருந்த வாரம் லேபில் ரத்தம் டெஸ்ட் பண்ணக் கொடுத்தேன். முன்பு 4.8 இருந்த சிஆர்பி, அதாவது உடம்புக்குள் இருக்கிற அழற்சியை ரத்தத்தில் காட்டும் அளவு, இப்போது 2.6! தாளோடு வீட்டுக்குள் நுழைகிறேன், அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை தலையைக்கூடத் தூக்கவில்லை. “எத்தனை கிலோட்டி குறைஞ்சிருக்கு?”
“ஒண்ணு.”
“இதுக்கா தெனமும் செருப்புத் தேயுது?”
அழற்சி என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படிச் சொல்ல? தாளை மடித்து வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அந்தக் கேள்விதான் காதுக்குள்.

கொக்கிரகுளம்:
ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சந்தோஷப்படாதீர்கள். நாலு மாசம் ஜூம்பா ஆடி எனக்கு சிஆர்பி 11 வந்தது. லேப் வாசலிலேயே அழுதேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: “சளி இருந்துச்சா?” இருந்தது. நம்மைப் போல உள்ளே இருக்கிற அழற்சியைப் பார்க்க, சளி, காய்ச்சல் நேரத்தில் இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாதாம். குணமான பிறகு எடுத்தால் 3.1.

அம்பை மைனி:
கொக்கிரகுளம், அவள் சந்தோஷத்தில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்? என் கதை சின்னது. பாபநாசம் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போனேன், டீக்கடைத் தாத்தா ஒருவர் “வீட்ல வண்டி இல்லையா தாயி?” என்று இரக்கப்பட்டார். அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று சொல்கிறேன். பிசிஓஎஸ்ஸுக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலில் வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமாக, இல்லாவிட்டால் 75 முதல் 150 நிமிஷம் கடுமையாகச் செய்யச் சொல்கிறார்கள். மிதம் என்றால் பேச முடியணும், பாட முடியக் கூடாது. கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. இந்தப் பயிற்சிதான் உசத்தி என்று எதுவும் இல்லை. வேலை செய்கிற தசை ஐஎல்-6 என்ற பொருளை விடும், அது அழற்சியைத் தணிக்கிற மற்ற பொருள்களைக் கிளப்பும். அதனால் எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. அப்புறம், கருப்பட்டிக் காப்பி நல்லது என்று மூன்று டம்ளர் குடிக்காதீர்கள், அதுவும் சர்க்கரைதான். ராத்திரி பரோட்டாவையும்...

பாளைக்காரி:
மைனி, நான் பரோட்டாவைப் பற்றிக் கேட்கவே இல்லையே!

கொக்கிரகுளம்:
சரி, அத்தையிடம் தாளைக் காட்டினீர்களா?

பாளைக்காரி:
இல்லை. ஆனால் இன்றைக்கு நான் கிளம்பும்போது, “இருட்டா கெடக்கு, டார்ச்சை எடுத்துட்டுப் போட்டி” என்றார்கள்.