ஞாயிறு மதியம் ஒரு சம்பளச் சீட்டு

ஊழியத்தில் சந்தித்தவர்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது சாட்சி மாதிரி இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, ஆராதனை முடிந்து ஆறேழு பேர் இங்கே சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தோம். புல்தரையில் ஒரு தம்பி, சிவகங்கைப் பக்கம், கையை நீட்டாமல் நெற்றியைக் காட்டினான். "அண்ணே, நான் திருநீறு பூசுறவன். வாங்கிக்கலாமா?" எனக்குச் சுருக்கென்றது. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லைதான். ஆனால் பொட்டலத்தோடு ஒரு கைப்பிரதியும் இருந்ததே.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைய பிரசங்கம் திராட்சத் தோட்ட உவமை. காலையில் வந்தவனுக்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி, அதுதான் கிருபை. அந்தச் சூட்டோடு அவனுக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டவன், "அந்த மொதலாளி அன்னைக்குச் சாயங்காலமே கூலி குடுத்துட்டாரா அண்ணே?" என்றான். சிறுவயதிலிருந்து கேட்கிற உவமை, அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை.

அப்புறம் போன் கவரிலிருந்து நான்காய் மடித்த சம்பளச் சீட்டை எடுத்தான். கூடவே ஒரு குட்டி நோட்டு. எத்தனை மணிக்கு லாரி ஏறினான், எப்போது வேலை முடிந்தது, எல்லாம் நீல மையில். நோட்டில் அந்த மாத ஓவர்டைம் 68 மணி நேரம், சீட்டில் 40. இங்கே 2016 ஏப்ரலிலிருந்து சம்பளச் சீட்டு கட்டாயம், ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்காவது தர வேண்டும். சீட்டை ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள், கணக்கில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

சபையில் சொன்னேன். வந்த பதில்: "பிரதர், சாப்பாட்டோட நிறுத்திக்குவோம். நம்மள்லயே கான்ட்ராக்டர்கள் இருக்காங்க." கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் கட்ட அத்தனை பேர் வருவார்கள், ஒரு மனுவுக்குத் துணை போக ஆளில்லை. நானும் யோக்கியன் இல்லை, இரண்டு வாரம் அவன் மெசேஜுக்குப் பதிலே போடவில்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற யாக்கோபு 5:4 கண்ணில் பட்டு மனம் மாறினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மனைவி திட்டினாள்.

வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டால் ஆறு மாதத்துக்குள் டாடமில் (TADM, சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பு) புகார் கொடுக்கலாம். அவனுக்குப் பயம், வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிட்டால் ஏஜென்ட் கடனை யார் அடைப்பது? பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனாகவே முடிவெடுத்துப் போனான். சமரசப் பேச்சு நடந்தபோது நான் வெளியே நோட்டின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் ஊழியம். முக்கால்வாசிப் பணம் வந்தது. தேக்காவில் டீ குடித்தோம், காசை அவன்தான் கொடுத்தான்.

---

அண்ணா, உங்களுடையதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பு நடத்தும் கஃப் ரோடு திட்டம், 2008இலிருந்து இலவசச் சாப்பாடு போடுகிறார்களே, அது சர்ச் அமைப்பு இல்லை. அங்கேதான் எனக்குப் பாடம். வேலையில் அடிபட்டு, தற்காலிகமாகத் தங்க மட்டும் தரும் ஸ்பெஷல் பாஸில் காத்திருக்கிறவர்கள் வருவார்கள், வேலை செய்ய அனுமதி கிடையாது. ஒருத்தருக்கு வலது கை முழுக்கக் கட்டு. உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஜெபிங்கக்கா. மொதல்ல இந்தச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுங்க."